பிரபு பதவியைத் தூக்கியவன்

பேருந்துப் பணிமனையில் அவனுக்குப் பெயர் ‘பட்டியல்’. எந்த ஓட்டுநர் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும் என்று எழுதி ஒட்டுவது அவன் வேலை. ஒட்டின அடுத்த நிமிடமே நாலு பேர் சண்டைக்கு வந்து நிற்பார்கள். ஆள் அசைந்து கொடுக்க மாட்டான். வீட்டுக்கு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவான்.

அவனும் மனைவியும் மூன்று வருடமாக ஒரு கோட்டை விளையாட்டு ஆடுகிறார்கள். மலையைக் குடைந்து, குள்ளர்களைக் குடிவைத்து, அவர்களுக்குச் சோறு தண்ணீர் பார்க்க வேண்டும். அங்கே கொல்லுப்பட்டறை நடத்தும் குள்ளச்சிக்கு மனைவியின் செல்லப்பெயரை வைத்திருந்தார்கள். சட்டைக் கம்பெனி இஸ்திரிப் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவளுக்கு, சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம்தான் சந்தோஷம். இருவரும் சேர்ந்து சிரிப்பதும் அப்போதுதான்.

கோட்டைக்கு ஒரு பிரபு வந்து சேர்ந்தார். அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. துரை துரும்பைக்கூட எடுத்துப் போட மாட்டார், உத்தரவு மட்டும் போடுவார். மூன்று கண்ணாடிக் கோப்பை வேண்டும் என்றார். கண்ணாடிக்கு மணல் வேண்டும். அந்த மலையில் மருந்துக்குக்கூட மணல் கிடையாது. கெடு முடிந்ததும் பழி பட்டறைக் கொல்லச்சியின் தலையில் விழுந்தது. சங்கிலியில் கட்டிவிட்டார்கள். மாதம் பிறந்தால் தண்டனையாகச் சுத்தியலடி, பிழைப்பது கஷ்டம்.

“அங்க சூப்பர்வைசர் கத்துறான், இங்க பிரபு அடிக்கிறான். அவ செத்தா நான் இனிமே விளையாட வர மாட்டேன்,” என்றாள் மனைவி.

அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த விளையாட்டில் பதவிகள் எல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். விடுமுறை நாளன்று காலையிலேயே உட்கார்ந்தான். பிரபு பதவியை அடியோடு அழித்தான். மேலாளர், காவல் தலைவர் என்று இரண்டு புதுப் பதவி எழுதினான். கைதியை விடுவிக்கும் அதிகாரம் காவல் தலைவருக்கு. தனியாக யாரும் ஆட்டம் போடக் கூடாதே! பணிமனைப் புத்தி எங்கே போகும்? காவல் தலைவரை மேலாளர் நியமிக்க வேண்டும், மேலாளரைக் காவல் தலைவர் நியமிக்க வேண்டும் என்று போட்டுவிட்டான்.

கோட்டையைத் திறந்தார்கள். பிரபு மூட்டை தூக்கிக்கொண்டு போனார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் இரண்டு பதவியும் காலியாகவே கிடந்தது. இவர் வந்தால்தான் அவர், அவர் வந்தால்தான் இவர். அடிக்கவும் ஆள் இல்லை, அவிழ்த்துவிடவும் ஆள் இல்லை, தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை. கொல்லச்சி தாகத்தில் சாகக் கிடக்கிறாள் என்று திரையில் சிவப்பாக மின்னியது.

“ஒருத்தர் கையெழுத்துக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருக்காங்க. உங்க டிப்போவேதான்,” என்றாள்.

“கிண்டல் பண்ணாதம்மா. யாரை வச்சு நியமிக்கிறதுன்னே தெரியல.”

“ஏன் மேல இருக்கிறவங்களையே பாக்குறீங்க? அங்க குடியிருக்கிறவங்ககிட்ட விட்டுடுங்க.”

நியமன வரிகளை அழித்துத் ‘தேர்தல்’ என்று போட்டான். குள்ளர்கள் கூடி, சாராயம் காய்ச்சுகிறவளைக் காவல் தலைவராக்கினார்கள். அவள் நேராகப் போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள். கொல்லச்சி வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்கு உயிர் வந்தது.

“தள்ளுங்க, நானும் ஒண்ணு எழுதறேன்.”

அவன் இடத்தில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். அவன் எட்டிப் பார்த்தான். பதவி: சும்மா இருப்பவர். தனி அறை ஒன்று, சாய்வு நாற்காலி ஒன்று கொடுக்க வேண்டும். யார் உத்தரவும் இவரிடம் செல்லாது. கடமைகள் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

“இது யாருக்கு?”

“அவளுக்குத்தான். எவ்வளவு நேரம்தான் நின்னுக்கிட்டே இருப்பா?”

பட்டியல் அவளை அங்கேயே உட்கார விட்டுவிட்டு, உள்ளே போய் மத்தியானச் சமையலுக்கு அரிசி களையத் தொடங்கினான்.