கந்தளாய்க் குளத்தில் ஒரு மிதவை

காலை ஏழு மணிக்கு, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் விடுதியின் வாசலில் வான் வண்டி வந்து நின்றது. முதல் நாள்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன். நான் பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பிப்பவள். உகண்டாவில் ஒரு பெரிய ஏரிக்கரையில் இருக்கும் ஆய்வுக்கூடமும் நாங்களும் சேர்ந்து வெப்பநாட்டு நன்னீர்நிலைகளை ஆராய்வதென்று உடன்பாடு. அங்கிருந்து வந்த மீனியலாளர் நக்கட்டோ வண்டியில் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பது என் பொறுப்பு.

கந்தளாய் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். சீனன்குடாப் பக்கம் பிரியும் வழியைத் தாண்டியதும் சாரதி பாறூக் கதைக்கத் தொடங்கினார்.

"காலமை குளிச்ச தண்ணி எங்கத்தையது தெரியுமோ மிஸ்? கந்தளாய்த் தண்ணிதான். டவுனுக்குக் குடிக்கவும் அதுதான்."

அதை நான் மொழிபெயர்த்ததும் நக்கட்டோ, "அது ஏரியா, அணைக்கட்டா?" என்று கேட்டார். மனிதர் கட்டியதுதான். ஆனால் எத்தனையோ நூற்றாண்டாகப் பறவையும் யானையும் அதை இயற்கை என்றே நம்பி வருகின்றன. "குளம்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

குளக்கட்டில் ஏறியபோது நல்ல காற்று. எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிந்தது. கீழே கொட்டிலடியில் மீன்பிடிச் சங்கத் தலைவி செல்வராணி மீன் பிரித்துக்கொண்டிருந்தார். நக்கட்டோ ஒரு திலாப்பியாவைக் கையில் எடுத்து, "இது எங்கள் பக்கத்து மீன்" என்றார்.

"இல்லை, இது கந்தளாய் மீன்" என்றார் செல்வராணி. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து இங்கே பெருகிய மீன் அது; இரண்டுமே உண்மை என்பதை இரண்டு பேருக்கும் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு கரையோரம் மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. வெக்கை என்றார் ஒருவர், மேல்பக்கத்து வயல் மருந்து என்றார் இன்னொருவர். குடிதண்ணீரைக் காரணம் காட்டி மீன்பிடியையே நிறுத்திவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். தண்ணீரின் சூட்டையும் ஒட்சிசனையும் அளக்கும் மிதவையை நாங்கள் குளத்தில் இறக்க வேண்டும். வலைகள் அதில் சிக்காமல் சங்கத்து மீனவர்கள்தான் பார்க்க வேண்டும். "குளத்தைப் பாதுகாக்கிற ஆராய்ச்சி" என்று தொடங்கினேன். செல்வராணி மீன் பிரிப்பதை நிறுத்தினார்.

"பாதுகாக்கிறதெண்டா என்ன மிஸ்?" என்று கேட்டார் செல்வராணி. "எங்கட பக்கம் பாதுகாப்பெண்டு சொன்ன இடமெல்லாம் வேலிதான். உள்ளுக்குப் போகேலாது."

நான் அதை மொழிபெயர்த்ததும் நக்கட்டோ கவிழ்த்துக் கிடந்த தோணியில் உட்கார்ந்தார். தங்கள் ஊர் ஏரியைப் பாதுகாக்க வந்தவர்கள் தன் அண்ணனின் படகை எரித்ததை மெதுவாகச் சொன்னார். நானும் மெதுவாகவே தமிழில் சொன்னேன்.

"அதுக்குப் பிறகுமோ இந்தப் படிப்புக்குப் போனீங்கள்?" என்று அவரைக் கேட்டார் செல்வராணி.

"எரித்ததால் மீன் பெருகியதா என்று பார்க்கப் போனேன். இன்னும் எனக்குத் தெளிவில்லை."

செல்வராணி கையைக் கழுவினார். "அப்ப எங்களுக்கும் ஒண்டு வேணும். கருவி சொல்லுறது உங்களுக்கு வாற நேரமே என்ர ஃபோனுக்கும் வரவேணும்."

நக்கட்டோ சம்மதித்தார். எங்கள் உடன்பாட்டில் அதற்கு இடமுண்டா? பல்கலைக்கழகத்தில் என் துறைத்தலைவருக்கு ஃபோன் எடுத்தேன். உகண்டாவில் கேட்கச் சொன்னார். நக்கட்டோ உகண்டாவுக்கு எடுத்தார். எங்கள் துறைத்தலைவரைக் கேட்கச் சொன்னார்கள். கூடாது என்று யாருமே சொல்லவில்லை. செல்வராணியிடம் "ஓம்" என்றேன். அது சரியா பிழையா என்று இன்றும் எனக்குத் தெரியாது. மத்தியானத்துக்கு முன்னரே, அவர்கள் காட்டிய இடத்தில் மிதவை இறங்கியது.

மறுநாள் காலை யாழ்ப்பாணம் திரும்ப திருகோணமலை பஸ் நிலையத்தில் நிற்கும்போது செல்வராணி ஃபோனில் அழைத்தார்.

"விடியக்காலமை ஒட்சிசன் குறைஞ்சு காட்டுது மிஸ். இது கூடாத குறியோ?"

"விடியப்புறம் குறையிறது வழமை. இவ்வளவு குறையலாமோ எண்டு ஒரு நாளை வைச்சுச் சொல்லேலாது. எனக்கு இன்னும் விளங்கேல்லை."

"சரி, கேட்டுச் சொல்லுங்கோ" என்றார்.

பஸ் புறப்பட்டது. எங்கள் ஊரில் கிணறு உவர்த்தால் நாக்குக்குத் தெரிந்துவிடும். கிணறு யாருடையது என்பதும் தெரியும். இங்கே ஒரு நகரம் குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் கையிலிருக்கும் ஃபோனில் ஒட்சிசனைக் காட்டும் ஒரு கோடு கீழே இறங்கிக் கிடக்கிறது. அதன் அர்த்தத்தை நக்கட்டோவிடம் கேட்டு எழுதினேன். 'எனக்கும் விளங்கவில்லை, நாளைக்கும் பார்ப்போம்' என்று பதில் வந்தது.

அதை அப்படியே தமிழில் செல்வராணிக்கு அனுப்பினேன்.