துருக்காரர் குறைத்த ஆக்சிஜன்

பழைய இரும்புக் கேட்டுகளில் துருவைச் சுரண்டி பெயின்ட் அடிப்பது அவர் வேலை. பட்டறையில் அவரைத் துருக்காரர் என்றே கூப்பிடுவார்கள். இரும்பைத் தின்பது காற்றிலுள்ள ஆக்சிஜன் என்பது அவருக்கு அத்துப்படி. கொரோனா வார்டில் அவரைக் கவிழ்த்ததும் அந்த அறிவுதான்.

மனைவி மூச்சுத் திணறிப் படுத்திருந்தாள். ஆள் பற்றாக்குறை, அதனால் வீட்டாருக்கே அங்கியும் முகக்கவசமும் மாட்டித் துணைக்கு வைத்திருந்தார்கள். காலையில் வந்த டாக்டர் நடந்துகொண்டே சொன்னார்: "நுரையீரல்ல ஆக்சிஜனேற்ற அழுத்தம் அதிகம். ஆக்சிஜன்லேர்ந்து உருவாகிற சில துகள்கள் செல்லை அரிக்குது. துருப்பிடிக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

துருப்பிடிக்கிற மாதிரி! துருக்காரர் குழாயையே பார்த்தார். மனைவியின் குழாயில் இரைந்து வருவதும் அதே ஆக்சிஜன்தானே? மத்தியானம், யாரும் பார்க்காதபோது, சுவரிலிருந்த ஆக்சிஜன் திருகைக் கொஞ்சம் குறைத்தார்.

"என்னங்க... காத்து பத்தலையே."

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா. உன் நல்லதுக்குத்தான்."

ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க அவள் விரலில் மாட்டியிருந்த கருவியின் எண் மடமடவென்று இறங்கியது. கருவி அலறியது. அந்த வார்டுக்கே ஒருத்தியாக ஓடிக்கொண்டிருந்த நர்ஸ் பாய்ந்து வந்து திருகைத் திறந்தாள்.

"யாரு இதுல கை வெச்சது?"

"நான்தான் சிஸ்டர். உள்ள துருப்பிடிக்குதுன்னு டாக்டர் சொன்னாரு..."

நர்ஸ் திட்ட வாயெடுத்தாள். அவர் கண்ணைப் பார்த்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, கிருமி நுழைஞ்சா நம்ம ரத்த அணுக்கள் அதை எரிக்கத் தீப்பொறி மாதிரி ஒண்ணைக் கக்கும். அதை அணைக்கிற சரக்கும் உடம்புலயே இருக்கு. இந்த நோய்ல பொறி மிஞ்சிடுது, அணைக்கிறது பத்தல. நுரையீரலும் சேர்ந்து பொசுங்குது. அதுக்காக மூச்சைக் குறைப்பாங்களா? ரத்தத்துல ஆக்சிஜன் இறங்கினா மூளை, இதயம் எல்லாம் நின்னுடும். கூடவும் கூடாது, குறையவும் கூடாதுன்னுதான் விரல்ல இதை மாட்டியிருக்கோம்."

"அப்ப நானே இவளைக் கொல்லப் பார்த்தேனா?"

மனைவி குழாயை லேசாக விலக்கினாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்க்கிறாரு சிஸ்டர். அவரால முடியல."

நர்ஸ் சிரித்துவிட்டாள். அவர் அழுதுவிட்டார்.

இவரை முட்டாள் என்று சிரிப்பவர்கள் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்திருக்க வேண்டும். இதே ஆக்சிஜனேற்றத்தைச் சொல்லிப் பயமுறுத்தி, நுரையீரலைக் கழுவும் பொடி என்று டப்பா டப்பாவாக விற்றார்கள், படித்தவர்கள். அது அறியாமை அல்ல, அயோக்கியத்தனம். ஒரு நோயாளியிடம் நின்று பேச டாக்டருக்கு நேரமில்லாதபடி ஆஸ்பத்திரியை நடத்தியவர்களையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. பழி மட்டும் துருக்காரர் தலையில்.

எண் மெல்ல ஏறியது. மூச்சு எளிதாக வர, மனைவியைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னாள் நர்ஸ். பதறாமல் புரட்டிப் படுக்க வைத்தவர், உடனே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

"அங்க என்ன சிலை மாதிரி? வலிக்குது, முதுகைத் தடவி விடுங்க" என்றாள் மனைவி.

"தொடலாமா சிஸ்டர்?"

"திருகைத்தான் தொடக் கூடாது. அவங்களை எவ்வளவு வேணா தொடுங்க."

தடவத் தடவ அவள் தூங்கிப்போனாள். எண் இறங்கவில்லை.