பயணம் போகாதவளுக்கு வந்த நோய்

சிங்கப்பூரிலிருந்து மக்காவுக்கு உம்ரா புனிதப் பயணம் கிளம்புமுன் எனக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். முழங்கால் வலியால் என் மனைவி ஜுலைகா உடன் வரவில்லை.

"நீயும் போட்டுக்கொள்ளேன்" என்றேன்.

"போறது நீங்க. நான் தெம்பனிஸ் வீட்டுல உட்கார்ந்திருக்கேன், எனக்கு எதுக்குலா?" என்று சிரித்தாள். விட்டுவிட்டேன்.

திரும்பிய அன்று, மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் புனித நீரை ஒரு கோப்பையில் ஊற்றிப் பாதியை நான் குடித்து, மீதியை அவளிடம் நீட்டினேன். ஐந்தாம் நாள் அவளுக்குக் கடும் காய்ச்சல். காலெல்லாம் ஊதாப் புள்ளிகள். மறுநாள் அவள் இல்லை.

அடக்கம் முடிந்ததும் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அழைத்தார். அவளைக் கொண்டுபோன மூளைக்காய்ச்சல் நெருங்கிப் பழகியவர்களுக்கும் வராமல் மாத்திரை கொடுக்க வேண்டுமாம்.

"அங்கிள், அவங்க குடிச்ச கப்புல வேற யாரு குடிச்சாங்க?"

நான் திரும்பியதும் வீட்டுக்குப் பார்க்க வந்த பதினொரு பேருக்கும் தனித்தனிக் கோப்பைதான்.

"நான் மட்டும்தாம்மா. நாற்பத்தாறு வருஷமா."

ஊசி போட்டுக்கொண்டவர் தொண்டையிலும் கிருமி தங்கி, அவரிடமிருந்து உடனிருப்பவருக்கு வரலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த 'வரலாம்' என்னைத் தூங்கவிடுவதில்லை.

இப்போது பயணம் கிளம்புவோர் யாரைக் கண்டாலும், வீட்டிலிருப்பவருக்கும் ஊசி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்கிறேன். "நான் எங்கேயும் போகலையே" என்று வீட்டிலிருப்பவர் சிரித்தால், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.