யார் வீட்டு ஈரம்

ஆம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக் குளியலறையில் போன மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. முதலில் குழாய்க்குக் கீழே மிளகுத்தூள் சிதறியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், போய்விட்டது. பிறகு அதே இடத்தில் வந்தது, கூரை மூலையிலும் வந்தது.

ஷூ கம்பெனியில் எனக்கு பேக்கிங் செக்கர் வேலை. ஒரு ஜோடியில் பூஞ்சை தெரிந்தால் பெட்டிகள் மொத்தத்தையும் பிரித்துப் பார்ப்போம். வீட்டில் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே குளிப்பது பெரிய பேஜாராக இருந்தது. கீழே குடியிருக்கும் ஓனர் அக்காவை அழைத்துக் காட்டினேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஜன்னல இன்னாத்துக்கும்மா அட்ட வெச்சு அடச்சிருக்கீங்க? ஆவி எங்க போவும்?"

"எதிர் மாடியில ஆளுங்க நிக்கிறாங்கக்கா. தொறந்து வெச்சுட்டு எப்பிடிக் குளிக்கிறது? சுவத்துக்குள்ள பைப்பு ஒழுவுது, அதான்."

"பைப்பு நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் சுடுதண்ணி ஜாஸ்தி ஊத்தறீங்க."

அதன்பின் படிக்கட்டில் எதிர்ப்பட்டாலும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வேறு வீடு பார்க்கலாம் என்றார் என் கணவர். எனக்கு மனசில்லை. கம்பெனி பஸ் தெருமுனையிலேயே நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே மேலே வந்தார். "கொஞ்ச நாளைக்கு இந்த பாத்ரூம யாரும் தொடாதீங்க. அட்டய எடுத்துட்டு காத்தாட விடுங்க. குளிக்கிறதுக்கு எங்க வீட்டுக்கு வாங்க. சுவரு காஞ்சுதுன்னா தப்பு உங்களுது. காயலன்னா என்னுது."

மறுநாள் துண்டும் சோப்பு டப்பாவுமாகக் கீழே இறங்கினோம். என் கணவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. வாசலிலேயே நின்றவரை அக்காவின் கணவர்தான், "நீ மொதல்ல போப்பா, ட்யூட்டிக்கு லேட்டாவுதில்ல" என்று உள்ளே அனுப்பினார். என் முறை வரும்வரை அக்காவின் சமையலறையில் டீ குடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பூஞ்சையைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம்.

சில நாட்களில் கூரை மூலை காய்ந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்ததும் புள்ளிகள் போய்விட்டன. குழாயடிச் சுவர் மட்டும் காயவேயில்லை. அக்கா விரலால் அழுத்தினார், பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஆளுக்குப் பாதிம்மா."

பிளம்பர் வந்து சுவரை உடைத்ததில் உள்ளே பைப்பு மூட்டு விரிந்திருந்தது தெரிந்தது. அதை மாற்றிப் பூசிக் கொடுத்தது அக்கா. நான் கேட்காமலே ஜன்னலுக்குச் சாய்வான கண்ணாடிப் பட்டைகளும் பொருத்தினார். காற்று வருகிறது, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரிவதில்லை. சுத்தமாக வைத்துக்கொள்வது எங்கள் பாடு.

இப்போது என் கணவர் குளித்து முடித்ததும் சுவரிலுள்ள தண்ணீரை வழித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகும்போது அக்கா எங்கள் குளியலறையை ஒருமுறை எட்டிப் பார்ப்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. துணி பக்கெட்டை வைத்துவிட்டு உட்காரச் சொல்வேன். உட்காருவார்.