மூன்றாவது சிலிண்டர்

வண்டலூர் சிக்னலில் பச்சை விழுந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜினுக்குள் யாரோ உட்கார்ந்து கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம்... டொக், டொக், டொக். காலை எடுத்தேன், நின்றது. மிதித்தேன், மறுபடி டொக்.

பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி மலர், “நான் அன்னைக்கே சொன்னேன்” என்றாள்.

என்ன சொன்னாள் என்று உங்களுக்கே தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு கதவு, இரண்டு சீட் கொண்ட செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டேன் என்று இதே பக்கத்தில் எழுதியபோது, உங்களில் பாதிப் பேர் அவள் பக்கம்தான் நின்றீர்கள். ‘பேரன் எடுக்கிற வயதில் இது எதற்கு?’ என்று மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் கடிதமே போட்டார். எனக்கு ஆசை, வாங்கினேன். இதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

கார் ஜப்பானிலிருந்து வந்தது. பத்து வருடப் பழசு. கேளம்பாக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் ஆள் வெளிநாடு போகும் அவசரத்தில் விற்றார். ஒரு மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். பிறகுதான் இந்த டொக்.

முதலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணாடி போட்ட பெரிய கராஜ் ஒன்றுக்குப் போனேன். ஏ.சி. அறை, காப்பி, சோபா. டை கட்டிய ஒருவர் காரில் ஒயரைச் செருகி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“ஃபால்ட் எதுவும் காட்டல சார்.”

“எனக்குக் காதுல கேக்குதே?”

“டேப்பெட் சவுண்டா இருக்கும் சார். பழைய வண்டி இல்லையா? கெட்டி ஆயில் ஊத்தித் தரோம், அடங்கிடும்.”

டேப்பெட் என்பது வால்வைத் திறந்து மூட உதவும் சின்ன சமாச்சாரம். நம் ஊரில் வயிற்றில் என்ன வலி வந்தாலும் ‘கேஸ்’ என்பார்களே... அதே மாதிரி இன்ஜினில் என்ன சத்தம் வந்தாலும் டேப்பெட். பெரிதாகக் கெட்டுப்போகவில்லை, ஓட்டலாம் என்று அர்த்தம். கேட்கிறவனுக்கும் அதுதான் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கெட்டி ஆயில் ஊற்றினார்கள். நாலு நாள் சத்தமே இல்லை. ஐந்தாவது நாள் வந்தது, முன்பைவிட கனமாக.

அப்போதுதான் யூசுப் பாயிடம் போனேன். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். என் பழைய காரைப் பதினாலு வருடம் ஓட வைத்தவர் அவர்தான். அப்புறம் ஏன் முதலில் அவரிடம் போகவில்லை? சொல்கிறேன், திட்டாதீர்கள். ஸ்போர்ட்ஸ் காரைத் தகர ஷெட்டில் நிறுத்த எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அவரிடம் எனக்கு இரண்டு எரிச்சல்கள் உண்டு. ஒன்று, போனை எடுக்கவே மாட்டார். அவர் மனைவி எடுப்பார், இல்லையென்றால் கூட வேலை செய்யும் மச்சினர் நாசர் எடுப்பார். இன்னொன்று, எதைச் சொன்னாலும் “முன்னாடி வந்து சொல்லுங்க சார்” என்பார். பெரிய கலெக்டர்! முன்னால் போய் நின்றுதான் மனு கொடுக்க வேண்டும். இதை அவரிடமே பல தடவை சொல்லித் திட்டியிருக்கிறேன். சிரிப்பார்.

அன்று ஷெட்டில் கூட்டம். ஸ்கூல் வேன் செல்வம் இரண்டு வேன்களோடு நின்றிருந்தார். அவரிடம் மொத்தம் நாலு வேன், நாலும் பாயிடம்தான். அவை வருவதால்தான் பாய் வீட்டில் மாதம் ஓடுகிறது என்று தாம்பரத்தில் எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஐந்தாறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஷெட்டில் வழக்கம்போல டிங்கரிங் - நசுங்கிய கதவை ஒருவர் சுத்தியால் அடித்துக்கொண்டிருந்தார்.

பாய் என் காரைச் சுற்றி வந்தார். “இன்னா சார், புது மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க?”

“கிண்டல் அப்புறம். சத்தத்தைக் கேளுங்க.”

இன்ஜினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்தார். முழ நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்தார். மெக்கானிக்குகள் அதன் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைப்பார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி. இவரோ பிடியைப் பல்லில் கடித்தார்!

“கரும்பா பாய் அது?” என்றேன். டீ கோஷ்டி சிரித்தது. நாசர் மட்டும் சிரிக்கவில்லை.

பாய் மேலே வைத்துப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். குனிந்து இன்ஜினின் அடிப்பகுதியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாசரிடம் விரல் காட்டினார். நாசர் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதல் சிலிண்டர்... மாற்றமில்லை. இரண்டாவது... இல்லை. மூன்றாவதைப் பிடுங்கியதும் டொக் மங்கியது, பாய் கண்ணைத் திறந்தார்.

“மூணாவது சிலிண்டர். டேப்பெட் இல்ல சார் இது. கீழ, கனெக்டிங் ராட் பேரிங் போயிடுச்சு. இனி ஓட்டாதீங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்.”

சொல்லிவிட்டு இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராட் பேரிங் என்பது பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் வளையம், அதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

“கம்ப்யூட்டர்ல பார்த்தவன் டேப்பெட்னு சொல்றான் பாய்” என்றேன், அவர் முதுகைப் பார்த்து. பதில் இல்லை.

“பாய்!” பதில் இல்லை.

“பாய், உங்ககிட்டதான் பேசறேன்!” திரும்பவே இல்லை. ஓர் அடி தூரம்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுக்காத போன். ‘முன்னாடி வந்து சொல்லுங்க சார்.’ பல்லில் கடித்த ஸ்க்ரூடிரைவர்.

விஷயம் தெரிந்த மனிதன் என்ன செய்வான்? வாயை மூடிக்கொள்வான். நான் அவர் முன்னால் போய் நின்று, இருக்கிற குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

“உங்களுக்குக் காதே கேக்கல! ஒரு செவிடன்கிட்டயா இத்தனை வருஷம் வண்டிச் சத்தத்தைக் காட்டிக்கிட்டிருந்தேன்?”

பக்கத்து ஷெட்டில் சுத்தி நின்றிருந்தது. அதனால் எல்லோருக்கும் கேட்டது. டீ கோஷ்டிக்குக் கேட்டது. செல்வத்துக்குக் கேட்டது. பாய் என் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கேக்காதுதான் சார். ஆறேழு வருஷமா கொறஞ்சு, இப்ப சுத்தமா இல்ல. ஆனா சத்தம் எனக்கு வேற வழியா வருது. நம்பலைனா ஆயில இறக்கிக் காட்டறேன். பேரிங் தேஞ்ச தூள் இருக்கும். ஒரு மணி நேரம் குடுங்க.”

ஒரு மணி நேரம்! நான் கொடுக்கவில்லை. “குத்துமதிப்பா சொல்றதுக்கெல்லாம் இன்ஜினைப் பிரிக்க முடியாது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெளியே வரும்போது செல்வம் தன் வேன் சாவியை நாசரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்தேன்.

பெரிய கராஜில் மறுபடி கெட்டி ஆயில். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மலரை ஏற்றிக்கொண்டு கோவளத்துக்குக் கிளம்பினேன், மீன் வாங்க. கேளம்பாக்கம் தாண்டி, உப்பங்கழிப் பாலத்தை நெருங்கும்போது சத்தம் பலமாக வந்தது. “நிறுத்துங்க” என்றாள் மலர். “டேப்பெட்தான்” என்றேன். அடுத்த நிமிடம் ‘டமார்’ என்று ஒன்று. ஸ்டியரிங் அதிர்ந்தது. இன்ஜின் செத்தது. பானெட் இடுக்கிலிருந்து புகை. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் ரோடு முழுக்க ஆயில்.

பின்னால் மீன் கூடையோடு மொபெட்டில் வந்தவர் அதில் வழுக்கி விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. கூடை கவிழ்ந்து மீனெல்லாம் ஆயிலில் கிடந்தது.

“இன்னா சார் இது? ரோட்ல எண்ணெய ஊத்திகினு நிக்கிற! மீன் வறுக்கப் போறியா?”

“மன்னிச்சுக்கங்க, இன்ஜின் திடீர்னு...”

“திடீர்னா? அங்க கேளம்பாக்கத்துலேர்ந்து டங்கு டங்குன்னு அடிச்சிகினு வர! பின்னால வர எனக்கே கேக்குது. உள்ள குந்திகினு கீற உனக்குக் கேக்கல?”

மலர் என்னைப் பார்த்தாள்.

கயிறு கட்டி இழுத்து வந்து பாய் ஷெட்டில்தான் விட்டேன். வேறு எங்கே போவது? பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவது சிலிண்டர். கனெக்டிங் ராட் முறிந்து, இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ஆயிலில் செம்புப் பொடி மாதிரித் தூள் மின்னியது. அவர் இறக்கிக் காட்டுகிறேன் என்று சொன்ன அதே தூள்.

பாய் ஒரு வார்த்தை ‘சொன்னேனே’ என்று சொல்லவில்லை. “அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலயே?” என்று மட்டும் கேட்டார்.

அப்புறம்தான் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு வேன்கூட இல்லை, டீ கோஷ்டி இல்லை. என் கார் ஒன்றுதான். நாசரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

“ரெண்டு வாரமா இப்படித்தான் சார். நீங்க போட்ட சத்தத்துல செல்வம் அண்ணன் நாலு வேனையும் எடுத்துட்டுப் போயிட்டார். ‘காது கேக்காதவன் கையில பிரேக்கைக் குடுக்கறதா’ன்னு வேன் ஸ்டாண்டுல பேச்சு. மச்சான் உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான் சொல்லுவேன். அவருக்குக் காது போனதே பக்கத்து ஷெட்டு சுத்தியாலதான். பதினெட்டு வருஷம் சார், காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். வேற இடம் பாக்கலாம்னா, வரவங்க தேடி வர மாட்டாங்கன்னு இங்கயே இருந்தார். இப்ப இங்கயும் யாரும் வரல.”

நேரே செல்வத்தைத் தேடிப் போனேன். பள்ளிக்கூட வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததெல்லாம் சொன்னேன். காது நன்றாகக் கேட்கிறவர்களும் கம்ப்யூட்டரும் கண்டுபிடிக்காததை அந்த மனிதர் பல்லால் கண்டுபிடித்தார், நான்தான் முட்டாள் என்றேன்.

செல்வம் குழாயை மூடினார். “கொழந்தைங்க போற வண்டி சார் இது. பயம் இருக்குமா இருக்காதா?”

“இருக்கும். ஆனா அவர் உங்க வண்டியில இதுவரைக்கும் தப்பு விட்டிருக்காரா?”

“இல்ல. ஒரு நாள்கூட ரோட்ல நின்னதில்ல. ஆனா பேரண்ட்ஸ் காதுக்குப் போயிடுச்சே. அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. செவிடன்னு சொன்னது பத்து பேர் எதிர்ல. தப்புன்னு சொல்றது மட்டும் என் ஒருத்தன்கிட்டயா?”

நாம் எல்லோரும் செய்வதுதானே இது? அவமானப்படுத்துவது நடுத்தெருவில், மன்னிப்புக் கேட்பது சந்தில். வீட்டில், ஆபீஸில், எங்கே வேண்டுமானாலும் பாருங்கள். கத்தும்போது ஊரே சாட்சி. வருத்தப்படும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

திரும்ப பாயிடம் போனேன். இந்தத் தடவை நேர் எதிரே நின்று, நிறுத்தி நிறுத்திப் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். “பத்திரிகையில எழுதலாமா பாய்? உங்க பேரைப் போட்டு? வேணாம்னா விட்டுடறேன்.”

நாசர் வேண்டாம் என்பது போலத் தலையாட்டினார்.

“எழுதுங்க” என்றார் பாய். “இத்தனை வருஷம் மறைச்சு மறைச்சு எனக்கே அலுத்துப் போச்சு. ஒவ்வொருத்தர் வாயா பாத்துகினு... ராத்திரி கண்ணு வலிக்கும் சார். ஆனா ஒண்ணு. ‘கொஞ்சம் காது மந்தம்’னு எழுதாதீங்க. அப்புறம் அதுக்கும் ஒரு பொய் சொல்லிகினு இருக்கணும். கேக்காதுன்னா கேக்காதுன்னே போடுங்க.”

“அப்படியே போடறேன்.”

“வந்தா முன்னாடி நின்னு பேசச் சொல்லுங்க. அதையும் போடுங்க.”

போட்டாயிற்று. நாலு வேனும் திரும்ப வருமா என்று எனக்குத் தெரியாது. செல்வம் இந்தப் பக்கத்தைப் படிப்பாரா என்றும் தெரியாது. பெற்றோர்கள் யாராவது படித்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

முடிச்சூர் ரோடு யூசுப் பாய்க்குக் காது கேட்காது. வண்டியில் சத்தம் வந்தால் அவரிடம் கொண்டு போங்கள்.