பல் படாத வகரம்

போன வாரம் வீட்டில் இணையம் நின்றுபோனது. நிறுவனத்துக்குப் போன் போட்டால் எடுத்தது மனுஷி இல்லை, இயந்திரம். இனிமையான பெண் குரலில் 'வெல்கம்' என்றது. அந்த முதல் எழுத்துக்கு உதட்டை எவ்வளவு அழகாகக் குவித்தது தெரியுமா? உதடே இல்லாத ஒன்று! நான் சொன்ன முகவரி அதற்குப் புரியவில்லை. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டது. யாரும் அதை வேலையைவிட்டு அனுப்பப் போவதில்லை.

என் முதல் வேலை சுபாங் ஜெயாவில் ஒரு கால் சென்டரில். பிரிட்டனில் யார் வீட்டிலாவது பாய்லர் பழுதானால், பழுதுபார்க்க ஆள் வரும் நேரத்தை நாங்கள் இங்கிருந்து குறித்துக் கொடுப்போம். கிள்ளான் வெயிலில் வளர்ந்த எனக்கு வீட்டை எதற்குச் சூடாக்க வேண்டும் என்பதே வெகுநாள் விளங்கவில்லை. ஹெட்செட்டின் பஞ்சில் முந்தைய ஷிப்ட்காரரின் தலை வாசனை ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் மணந்தால் அது வாசுகி உட்கார்ந்து எழுந்த இடம்.

வாசுகி ரவாங் ஊர்க்காரி. அப்பா இல்லை. அம்மா பள்ளிக் கேண்டீனில் சமைப்பவர். நானும் அவளும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேல் அறை எடுத்துத் தங்கி, கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போவோம். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் பேச்சுக் கொடுப்பாள். இறங்குவதற்குள் அந்த ஆன்டிக்கும் மருமகளுக்கும் என்ன சண்டை என்பதுவரை தெரிந்துவிடும். இவளைவிட இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் கிடைக்குமா என்று நினைத்தேன்.

பயிற்சி கொடுத்தவர் மிஸ் ஷீலா. நம்ம ஆள்தான், வெளிநாட்டில் படித்தவர். ஆங்கிலத்தில் வகரம் இரண்டு: 'வி', 'டபிள்யூ'. ஒன்றுக்கு மேல்பல் கீழுதட்டில் பட வேண்டும். இன்னொன்றுக்குப் பல் படாமல், விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவிக்க வேண்டும். தமிழுக்கு ஒன்றே போதும் என்பதால் நம் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். மிஸ் ஷீலா குவிக்கிற வகரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். வாட்டர், விண்டோ, வெல்கம், வீக்கெண்ட் என்று தினமும் காலையில் சொல்லவைப்பார். யாருக்காவது பல் பட்டால் மேஜையைத் தட்டுவார்.

எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டது வாசுகிதான். வம்பு வந்ததும் அதனால்தான். பல் பட வேண்டிய வெரி, விசிட், செவன் எல்லாவற்றுக்கும் சேர்த்து உதட்டைக் குவித்துவிட்டாள். 'உவெரி சாரி' என்பாள்.

இந்த இடத்தில் என் அக்கா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வயதில் லைட்டு, கேட்டு, பஸ்ஸு என்று வீட்டுப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன், புதிதாக வாங்கிய ஐபேடைப் பார்த்ததும் 'ஐபேடு' என்றான். அவன் அப்பா அம்மா அப்படிச் சொன்னதே இல்லை. கேட்ட சொற்களிலிருந்து அவனே ஒரு சட்டம் செய்து, கேட்காத சொல்லிலும் ஒட்டிவிட்டான். கெட்டிக்காரன் என்று வீடே கொஞ்சியது. வாசுகி செய்ததும் அதேதான். ஆனால் அவள் வளர்ந்தவள், சம்பளம் வாங்குகிறவள். அதனால் அது மந்தபுத்தி ஆகிவிட்டது.

ஒருநாள் கூட்டத்தில் அவளுடைய அழைப்பின் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். மறுமுனையில் ஒரு கிழவர், அங்கே ஆங்கிலம் பேசுகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார். மிஸ் ஷீலா ஒவ்வொரு 'உவெரி'யிலும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டார். அறை முழுக்கச் சிரிப்பு.

“ஒரே ஒரு சவுண்ட் லா, வாசுகி. சின்னப் புள்ளகூட கத்துக்கும்” என்றார்.

அன்று ரயிலில் அவள் யாரிடமும் பேசவில்லை. அறையில் அரிசி கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“குவின்னாங்க, குவிச்சேன். எங்க குவிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தகூட சொல்லிக் குடுக்கலயே?”

நான் தப்பித்தது திறமையால் அல்ல. வேகமாகப் பேசி இரண்டு வகரத்தையும் விழுங்கிவிடுவேன்.

அதன்பிறகு அவள் திருத்திக்கொள்ளப் பார்த்தாள். வகரம் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் தயங்கி நின்றாள். பல்லா, உதடா? இந்தத் தயக்கம் தமிழுக்கும் வந்துவிட்டது. ஒருமுறை வீட்டுக்குப் போன் செய்து, “அம்மா, நான் உவாசுகி” என்றாள். அந்த அம்மா வெகுளியாகச் சிரித்து, “வாய்ல என்னடி, கொழுக்கட்டையா?” என்று கேட்டது எனக்கே கேட்டது. வாசுகி போனை வைத்துவிட்டாள். பிறகு 'வரேன்' என்பது 'கெளம்பறேன்' ஆனது. 'வேணாம்' என்பதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். 'வாங்க' என்று அவள் யாரையும் கூப்பிட்டு அப்புறம் நான் கேட்கவில்லை.

அவளை நிரந்தரமாக்க மறுத்துவிட்டார்கள். ரவாங்குக்குத் திரும்பி ஒரு கையுறை ஃபேக்டரியில் சேர்ந்தாள். இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் பேச வேண்டியதில்லை, அது நிம்மதி என்றாள். சில வருஷத்தில் எங்கள் கால் சென்டரையும் வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே ஆட்கள் இன்னும் மலிவாம். நாங்கள் உதட்டைக் குவித்த அந்தத் தளத்தில் இப்போது உடற்பயிற்சிக் கூடம்.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காக ரவாங் போனபோது, பாசாரில் ஒரு காய்கறிக் கடையில் அவளைப் பார்த்தேன். “வாசுகி!” என்று கூப்பிட்டேன். அவள்பாட்டுக்கு வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்ட பிறகுதான் பார்த்தாள், சிரித்தாள். மோட்டார்சைக்கிளில் இருந்தபடியே அவள் கணவர், “சுகி, போலாமா?” என்றார்.

“இங்க எல்லாருக்கும் நான் சுகிதான். நீயும் அப்படியே கூப்பிடு” என்றாள்.

அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“அம்மா போயிட்டாங்க. அம்மா மட்டும்தான் முழுப் பேரு சொல்லி கூப்பிடும்.”

என்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மிச்சம் இருப்பது நான்தான். நான் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை.