அலுமாரிக்குள்ள மூண்டு நாள்

இணையத்தில படிக்கிற பிள்ளைகள் ஏன் தோக்கினம் எண்டு கேட்டு ஒருநாள் ஒரு படிவம் தந்தினம். சோம்பலோ, விருப்பமில்லையோ, வீட்டுப் பிரச்சினையோ, ஒண்டுக்குப் புள்ளடி போடட்டாம். எனக்கு எரிச்சல் பத்திக்கொண்டு வந்தது. அம்மாவின்ர நேர்த்திக்கு எந்தப் பெட்டியில புள்ளடி போடுறது?

தமிழ்நாட்டு அகதி முகாமிலயிருந்து அம்மாவும் நானும் முள்ளிக்குளத்துக்குத் திரும்பின பிறகுதான் அந்தப் பட்டப்படிப்பில சேந்தனான். படிப்பெல்லாம் போனிலதான். சிக்னல் வேணுமெண்டால் கோயிலுக்குப் பின்னால மணல் மேட்டில ஏறவேணும். வெயில், காத்து, கண்ணுக்குள்ள மண். விரிவுரை பாதியில நிண்டுபோகும். இங்கிலீசும் மட்டுமட்டு. ரெண்டு தரம் கோட்டை விட்டன். மூண்டாந்தரத்துக்கு மேல விடமாட்டினம். பாஸானால், நான் சம்பளமில்லாமல் படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலயே வேலை எண்டிருந்தினம்.

கடைசி ஒப்படையை எழுதி முடிச்சிட்டன். அனுப்பத் திங்கள் மட்டும் நாளிருந்தது. நடுவில பெரிய வெள்ளி. எங்கட வீடுகளில அண்டைக்கு ரேடியோகூடப் போடமாட்டம். அம்மா அதுக்கும் மேல போனா.

"பிள்ளை, பெரிய வியாழன் பின்னேரம் தொடங்கி உயிர்ப்புப் பூசை முடியும்வரைக்கும் போனை நிப்பாட்டி வைப்பம். நீ பாஸாக வேணுமெண்டு நேந்திட்டன்."

"ஓமம்மா, வையுங்கோ," எண்டன். வேலை முடிஞ்சுதுதானே, ஞாயிறு அனுப்பினால் போச்சு எண்ட நினைப்பு. என்ர மூளை எங்க போச்சுதோ! அம்மா போனைச் செபமாலையோட அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டினா. வெள்ளி முழுக்கத் தண்ணிகூடக் குடிக்கேல்லை.

ஞாயிறு காலமைப் பூசை முடிய, கட்டின சீலையோடயே மேட்டில ஏறினன். போனைப் போட்டதும் வந்து விழுந்தது வெள்ளிக்கிழமை படிப்புக் கந்தோரால அனுப்பின செய்தி. கணினியில திருத்த வேலையாம், ஒப்படையளைச் சனி மத்தியானத்துக்குள்ள அனுப்பட்டாம். பக்கத்தைத் திறந்து பாத்தன். மூடியாச்சு. திரும்பத் திரும்ப அமத்தினன், விசரி மாதிரி.

அம்மா மேட்டடியில நிண்டு அண்ணாந்து கேட்டா, "ஒப்படை போட்டுதோ பிள்ளை?"

"ஓமம்மா. போட்டுது."

"பாத்தியே, ஆண்டவர் கைவிடேல்லை," எண்டு அம்மா அழுதா. நானும் குழறி அழுதன். சந்தோசத்திலயாக்கும் எண்டு நினைச்சா.

அடுத்தநாள் கந்தோருக்குப் போன் எடுத்துக் கெஞ்சினன். செய்தி அனுப்பினதுதானே எண்டு வைச்சிட்டினம். அம்மாவுக்கு, முடிவு வர வருசம் செல்லும் எண்டு சொல்லி வைச்சன்.

அடுத்த பெரிய வியாழன், நன்றி சொல்லவெண்டு அம்மா திரும்பவும் போனைக் கேட்டா. நிப்பாட்டிக் குடுத்தன். அந்தமுறை அதுக்கு வாறதுக்கு ஒரு செய்தியும் இல்லை.